களத்தின் வேகமும் சாலையின் வேகமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் விளையாட்டுப் பக்கத்தின் கீழ் மூலையில் ஒரு பெட்டிச் செய்தி வந்திருந்தது. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து வீரர்கள் கண்மண் தெரியாத வேகத்தில் கார் ஓட்டி அடிக்கடி போலீஸிடம் மாட்டிக்கொள்கிறார்கள் என்று எட்டே வரிகளில் எழுதியிருந்தீர்கள். 'களத்திலும் வேகம், சாலையிலும் வேகம்!' என்று தலைப்பு. பக்கத்தில், ஹெல்மெட் மாட்டிய ஒருவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பறப்பதுபோல ஒரு கேலிச்சித்திரம். ஊரிலிருந்து என் நாத்தனார் அதைப் படம் எடுத்து அனுப்பி, "அண்ணி, இது உங்க ஊர் டீம்தானே?" என்று கேட்டிருந்தாள்.

எங்கள் ஊர் டீம்தான். கால்பந்து என்றால் நம் ஊர் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து. ஜார்ஜியா மாநிலத்தின் ஏதென்ஸ் நகரில் 16 வருடமாகக் குடியிருக்கிறேன். இங்கே ஒரு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். என் மகன் படித்ததும் இந்த ஊர் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில்தான். அந்தத் தலைப்பைப் படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நாத்தனாருக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன், எழுத எழுத அது உங்களுக்கு எழுத வேண்டிய கடிதமாகிவிட்டது.

முதலில் இந்த ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏதென்ஸின் மக்கள்தொகை ஒன்றேகால் லட்சத்தை ஒட்டித்தான் இருக்கும். சான்ஃபோர்ட் ஸ்டேடியத்தில் மட்டும் 90,000 பேருக்கு மேல் உட்காரலாம். செப்டம்பர் முதல் நவம்பர் வரை, உள்ளூரில் ஆட்டம் இருக்கும் சனிக்கிழமைகளில் ஊரே சிவப்பும் கறுப்பும் உடுத்திக்கொள்ளும். விளையாடுகிறவர்கள் 18லிருந்து 22, 23 வயதுப் பிள்ளைகள். இவர்களைக் கல்லூரி மாணவர்கள் என்று சொல்கிறோம். ஆனால் தெருவில் நடந்தால் பெரியவர்கள் ஓடிவந்து கையெழுத்து வாங்குகிறார்கள். 2021 ஜூலை 1 முதல் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துப் பணம் சம்பாதிக்கவும் இவர்களுக்கு அனுமதி வந்துவிட்டது. மூன்று வருடம் முன்பு வரை அம்மாவிடம் பெட்ரோலுக்குக் காசு கேட்ட பையன், இன்று 700 குதிரைத்திறன் உள்ள வண்டியில் உட்காருகிறான். இதில் பொறாமைப்பட ஒன்றுமில்லை. அவர்கள் உழைத்துச் சம்பாதிப்பதுதான். பணம் வந்த வேகத்துக்கு நிதானம் வந்துவிடாது என்பதை, வளர்ந்த பிள்ளையை வைத்திருக்கும் எந்தத் தாயும் சொல்வாள்.

இப்போது 2023 ஜனவரிக்கு வருகிறேன். அந்த மாதம் 9-ஆம் தேதி, தேசிய இறுதியாட்டத்தில் டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்தை 65-7 என்று எங்கள் அணி தோற்கடித்தது. தொடர்ந்து இரண்டாவது வருடம் சாம்பியன். 14-ஆம் தேதி சனிக்கிழமை லம்ப்கின் தெருவில் வெற்றி ஊர்வலம் நடந்தது. அன்று போகி. பழைய துணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்த நானும் வெளியே போய்க் கூட்டத்தோடு நின்று கையசைத்துவிட்டு வந்தேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பொங்கல். விடியற்காலை எழுந்து பானைக்கு மஞ்சள் கட்டிக்கொண்டிருந்தபோதுதான் கைபேசியில் செய்தி வந்தது. பின்னிரவு இரண்டே முக்கால் மணி அளவில் பார்னெட் ஷோல்ஸ் சாலையில் ஒரு கார் மின்கம்பங்களிலும் மரங்களிலும் மோதி, அணியின் வீரர் டெவின் வில்லாக்கும், அணி அலுவலகத்தில் வேலை பார்த்த சாண்ட்லர் லெக்ராய் என்ற பெண்ணும் இறந்துவிட்டார்கள். வில்லாக்குக்கு 20 வயது, லெக்ராய்க்கு 24.

பார்னெட் ஷோல்ஸ் நான் தினமும் பள்ளிக்குப் போகும் சாலை. அங்கே குடியிருப்புகள் உண்டு, கடைகள் உண்டு, பேருந்துக்குக் காத்து நிற்கும் மாணவர்கள் உண்டு. அந்தக் கார் மணிக்கு ஏறக்குறைய 104 மைல் வேகத்தில் போனதாகப் பிறகு போலீஸ் சொன்னது. நம் கணக்கில் 167 கிலோமீட்டர். காரை ஓட்டியவர் லெக்ராய். அவர் குடித்திருந்தார் என்பதும், அணியின் பெரிய நட்சத்திரமான ஜேலன் கார்ட்டர் ஓட்டிவந்த இன்னொரு காரோடு போட்டி போட்டுப் போனார் என்பதும் விசாரணையில் வந்தது. வில்லாக் பின்சீட்டில் இருந்தவர். களத்தில் அவர் கார்டு என்ற இடத்தில் ஆடுபவர். பந்தை எறிபவர்மீது எதிரணி பாயாமல் நடுவில் மலைபோல நின்று மறிப்பதுதான் அந்த இடத்தின் வேலை. கைதட்டல் அதிகம் கிடைக்காத இடம்.

அன்றைக்குப் பொங்கல் பொங்கியபோது எங்கள் வீட்டில் யாருக்கும் வாய் திறந்து குலவையிடத் தோன்றவில்லை. எதிர்வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். ஜார்ஜியா 1980-இல் சாம்பியன் ஆன காலத்திலிருந்து ஒரு ஆட்டத்தையும் விடாதவர். அவர் வாசலில் கட்டியிருந்த வெற்றிக்கொடியைக் கழற்றி மடித்து உள்ளே எடுத்துப் போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இப்போதும் என் கண்ணில் நிற்கிறது அது.

நான் உங்களுக்குச் சொல்ல வந்த விஷயம் அந்த விபத்துக்கு நான்கு மாதம் முன்னால் நடந்தது. 2022 செப்டம்பரில் அதே ஜேலன் கார்ட்டரை இதே ஊரில் போலீஸ் நிறுத்தியிருக்கிறது. 45 மைல் போக வேண்டிய சாலையில் 89 மைல். நிறுத்திய போலீஸ்காரர், உன்னை ஜெயிலுக்கு அனுப்பாமல் விடுவதே சலுகை என்ற பொருளில் கண்டித்து, உன் கூட்டாளிகளிடமும் வேகத்தைக் குறைக்கச் சொல் என்று புத்திமதியும் சொல்லி, டிக்கெட் எழுதிக் கொடுத்து அனுப்பினார். இந்த ஊரில் வேகத்துக்கு எழுதப்படும் அபராதச் சீட்டை டிக்கெட் என்றுதான் சொல்வோம். போலீஸ்காரர் சட்டையில் இருந்த கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. இரண்டு பேர் இறந்த பிறகுதான் அந்தப் படம் எல்லா டிவியிலும் ஓடியது. செப்டம்பரில் அது யாருக்கும் செய்தியாகத் தெரியவில்லை. அணி ஜெயித்துக்கொண்டிருந்தது.

கணக்கு டீச்சர் என்பதால் இதை எண்ணாகச் சொன்னால்தான் என் மனம் ஆறும். மோதலின் வலு வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 45-ல் மோதுவதையும் 89-ல் மோதுவதையும் பார்த்தால் வேகம் இரண்டு மடங்குதான், மோதலின் வலு ஏறக்குறைய நான்கு மடங்கு. 104-ல் அது ஐந்து மடங்கைத் தாண்டிவிடும். கார் கம்பெனி வைக்கும் காற்றுப்பைக்கு அந்தக் கணக்கு தெரியாது.

என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் அடுத்தவர் பிள்ளைகளைப் பற்றி மட்டும் எழுதினால் அது நேர்மையாகாது. அதே 2022 செப்டம்பர் இறுதியில் என் மகனும் பிடிபட்டான். அப்போது அவனுக்கு 20 வயது. நண்பன் வீட்டிலிருந்து இரவு திரும்பும்போது, ஊருக்கு வெளியே இருவழிச் சாலையில், 55 மைலுக்குப் பதில் 81. கோர்ட்டுக்கு நானும் கூடப் போனேன். பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் அவன் வயதுப் பிள்ளைகள். தலையைக் குனிந்துகொண்டு செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜார்ஜியாவில் 21 வயதுக்கு உட்பட்டவர், அனுமதித்த வேகத்தைவிட 24 மைலோ அதற்கு மேலோ போனால் லைசென்ஸ் ஆறு மாதம் போய்விடும். கோர்ட் அபராதம் தனி. இருவழிச் சாலையில் 75-ஐத் தாண்டியதால் 'சூப்பர் ஸ்பீடர்' என்று மாநில அரசு இன்னொரு 200 டாலர் வாங்கியது. 2010-இல் வந்த சட்டம் அது. விபத்தில் அடிபட்டவர்களைக் காப்பாற்றும் சிகிச்சை மையங்களுக்குப் பணம் வேண்டும் என்றுதான் அந்தக் கட்டணத்தையே கொண்டுவந்தார்கள். அந்தக் காசோலையை எழுதும்போது கை நடுங்கியது. பணத்துக்காக அல்ல.

நான் செய்த தவறு ஒன்று உண்டு. யாரிடமும் சொல்லவில்லை. மகனை ஏன் தினமும் நீங்களே கொண்டுபோய் விடுகிறீர்கள் என்று கோயிலில் கேட்டபோது, கார் ரிப்பேர் என்று சொன்னேன். அவனிடமும் அதற்குமேல் பேசவில்லை. திட்டி முடித்தேன், அதோடு சரி. இரண்டு மடங்குக்கு மேல் வலுவோடு அவன் ஒரு வளைவில் போயிருக்கிறான் என்ற கணக்கை, ஊரான் பிள்ளைக்கெல்லாம் கணக்கு போட்டுக் காட்டும் நான், என் பிள்ளையை உட்காரவைத்துப் போட்டுக் காட்டவில்லை. வெளியே தெரிந்தால் அவமானம் என்ற ஒன்றுதான் எனக்குப் பெரிதாக இருந்தது. வெற்றி ஊர்வலத்தன்று கூட்டத்திலிருந்து அவனை அழைத்துவந்தது நான்தான், ஏனென்றால் அவனிடம் லைசென்ஸ் இல்லை. அன்று இரவு அவன் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தான். விடிந்ததும் அந்தச் செய்தியை அவனிடம் காட்டினேன். படித்தான். எதுவும் பேசாமல் போய் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

என் மகனின் டிக்கெட் மூன்று பேருக்குத் தெரியும். வீரர்களின் டிக்கெட் மூன்று கோடிப் பேருக்குத் தெரியும். இரண்டு இடத்திலும் பேச வேண்டியது பேசப்படவில்லை. நாங்கள் மூடி மறைத்தோம், அவர்கள் விஷயத்தில் ஊர் கூடிக் கூத்தடிக்கிறது.

அந்தக் கூத்தைச் சொல்கிறேன். விபத்துக்குப் பிறகும் ஒவ்வொரு வருடமும் ஜார்ஜியா வீரர்கள் யாராவது அதிவேகத்துக்கும் ஆபத்தாக வண்டி ஓட்டியதற்கும் பிடிபட்டு வந்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் முதல் கேள்வி ஒன்றுதான்: "சனிக்கிழமை ஆடுவானா?" செய்தியாளர் கூட்டத்தில் அதே கேள்வி, டிவியில் அதே கேள்வி, முடிதிருத்தும் கடையில் அதே கேள்வி. 2024 மார்ச்சில் ரன்னிங் பேக், அதாவது பந்தை ஏந்தி ஓடும் வீரர், ஒருவர் இப்படி ஒரு வழக்கில் கைதானார். ஆகஸ்ட் இறுதியில் கிளெம்சனுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் அவரை உட்கார வைத்தார்கள். அவர் இல்லாமலே ஜார்ஜியா 34-3 என்று ஜெயித்தது. தண்டனை போதுமா, அதிகமா என்று அந்தக் கோடை முழுவதும் விவாதம் நடந்தது. எல்லோரும் ஆட்டக் கணக்கில்தான் பேசினார்கள். எந்தச் சாலை, எத்தனை மணி, அந்த நேரத்தில் அங்கே வேறு யார் இருந்தார்கள் என்று ஒருவரும் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

எதிர்வீட்டுப் பெரியவரும் அடுத்த சீசன் வந்ததும் மாறிவிட்டார். நல்ல மனிதர், எங்கள் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் சூப் கொண்டுவந்து கொடுப்பவர். ஆனால் வீரர் ஒருவர் பிடிபட்ட செய்தி வந்தால், "இந்த ஊர் போலீஸுக்கு வேறு வேலையில்லை, நம் பையன்களையே குறிவைக்கிறார்கள்" என்பார். கொடியை மடித்து உள்ளே கொண்டுபோனவரும் அவர்தான். ஒரு முறை அவரிடம் கேட்டேன், உங்கள் பேரன் 89-ல் போயிருந்தால் போலீஸ்மீதா கோபப்படுவீர்கள் என்று. கொஞ்ச நேரம் புல்வெளியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "அவன் கையிலிருந்து சாவியைப் பிடுங்கியிருப்பேன்" என்றார். அவர் அன்பு பொய்யில்லை. அந்த அன்பு ஜெர்சிக்கு ஒரு விதமாகவும் பேரனுக்கு ஒரு விதமாகவும் இருக்கிறது.

எதிரணி ரசிகர்கள் பக்கம் வேறு மாதிரி. என் சித்தப்பா மகன் ஃபுளோரிடாவில் இருக்கிறான். 2025 வரை வருடா வருடம் ஜாக்சன்வில்லில் நடந்துவந்த ஜார்ஜியா-ஃபுளோரிடா ஆட்டத்துக்குக் குடும்பத்தோடு போனவன். எங்கள் வீரர் ஒருவர் பிடிபட்டால் அடுத்த பத்தாவது நிமிடம் குடும்ப வாட்ஸாப் குழுவில் கேலிப்படம் வந்து விழும். ஒரு முறை தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, ரெண்டு பேர் செத்திருக்காங்கடா, இதுல சிரிக்க என்ன இருக்கு?" என்றேன். "அக்கா, சும்மா ஜாலிக்குத்தான். அவங்க மட்டும் நம்ம டீமை விட்டாங்களா?" என்றான். அவன் சொன்னதும் நிஜம்தான். ஃபுளோரிடா வீரர் மாட்டினால் ஜார்ஜியாக்காரர்கள் சிரிப்பார்கள், அலபாமாக்காரர் மாட்டினால் இரண்டு பேரும் சேர்ந்து சிரிப்பார்கள். யார் டீமில் எத்தனை பேர் என்று எண்ணி வைத்துக்கொள்வது ஒரு பொழுதுபோக்கு. எண்ணுகிற யாரும் அந்தச் சாலைகளில் போகாதவர்கள் இல்லை.

அலபாமா என்றதும் ஹென்றி ரக்ஸ் நினைவுக்கு வருகிறார். அலபாமா பல்கலைக்கழகத்துக்கு ஆடியவர். 2020-இல் தொழில்முறை அணிகள் புதியவர்களைச் சோதிக்கும் முகாமில் 40 கெஜத்தை 4.27 வினாடியில் ஓடினார். அந்த ஒரு எண்ணுக்காக அவரைக் கொண்டாடாத விளையாட்டுப் பக்கம் கிடையாது. 2021 நவம்பரில் லாஸ் வேகஸில் குடித்துவிட்டு மணிக்கு 156 மைல் வரை போய் முன்னால் சென்ற காரில் மோதினார். அந்தக் காரில் இருந்த 23 வயதுப் பெண்ணும் அவளுடைய நாயும் தீயில் இறந்தார்கள். 156 மைல் வேகத்தில் அதே 40 கெஜத்தைக் கடக்க அரை வினாடிதான் ஆகும். 4.27 என்ற எண்ணை மனப்பாடமாகச் சொல்லும் ரசிகர்கள் எனக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்கு என்ன வயது என்று அவர்களுக்குத் தெரியாது. அதனால்தான் 'களத்திலும் வேகம், சாலையிலும் வேகம்' என்ற உங்கள் தலைப்பை என்னால் கடந்துபோக முடியவில்லை. இரண்டு வேகமும் ஒரே திறமையின் இரண்டு பக்கம் என்று அது சொல்கிறது. களத்தில் அந்தப் பையன் தன் காலால் ஓடுகிறான். தப்பினால் தன் முட்டிதான் உடையும்.

பத்திரிகைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கே டிக்கெட், கைது அறிக்கை, போலீஸ் கேமராப் படம் எல்லாமே பொது ஆவணம். யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம். அது நல்ல சட்டம், குறை சொல்ல மாட்டேன். அந்த ஆவணங்களைத் தோண்டி எடுத்து, எத்தனை வீரர்கள் எத்தனை முறை, என்ன வேகத்தில் என்று பொறுமையாகத் தொகுத்து எழுதிய நிருபர்களும் உண்டு. அப்படி எழுதியதால்தான் இது ஒருவருடைய குறும்பு இல்லை, ஒரு அணியின் பழக்கம் என்று ஊருக்குத் தெரிந்தது. ரசிகர்கள் அவர்களைத் துரோகி என்று திட்டினார்கள். நான் அவர்களுக்கு நன்றி சொல்கிறேன்.

ஆனால் அந்த ஆவணங்களிலிருந்து உருவி எடுத்து, கேமராப் படத்தில் பையன் திணறிப் பேசும் 20 வினாடியை மட்டும் திரும்பத் திரும்பக் காட்டுவதும் நடக்கிறது. சிறையில் எடுத்த முகப்படத்தைப் பெரிதாகப் போட்டு, மேலே 'கைது' என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். உங்கள் செய்தியிலும் 'கைது' என்ற சொல் மூன்று முறை வந்தது. நம் ஊர் வாசகர் அதைப் படித்தால் திருட்டு, கொலை என்று நினைப்பார். ஜார்ஜியாவில் சாதாரண வேக மீறலே சிறு குற்றமாகத்தான் பதிவாகும். ஆபத்தாக வண்டி ஓட்டியதாக எழுதினால் பல சமயம் ஜெயிலுக்குக் கொண்டுபோய், படம் எடுத்து, ஜாமீன் தொகை கட்டியதும் பெரும்பாலும் சில மணி நேரத்தில் விட்டுவிடுவார்கள். இதை ஒரு வரி விளக்கியிருக்கலாம்.

இன்னொன்றையும் மனம் கூசித்தான் எழுதுகிறேன். இந்த வீரர்களில் பெரும்பாலானோர் கறுப்பின இளைஞர்கள். அந்த முகப்படங்களைப் பார்த்துச் சிலர் பேசும் பேச்சு காரைப் பற்றியதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை அப்படிப் பேசும் அதே வாய்தான் சனிக்கிழமை அவர்கள் பெயரைச் சொல்லிக் கத்தியிருக்கும். என் மகனுக்கு ஒரு பிடிபட்ட முகப்படம் இருந்து அது இப்படிச் சுற்றியிருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று யோசித்திருக்கிறேன். அவர்களுக்கும் அம்மாக்கள் இருக்கிறார்கள், அவர்களும் காலையில் கைபேசியைத் திறக்கிறார்கள்.

எழுதாதீர்கள் என்று நான் கேட்கவில்லை. மூடி மறைத்தால் என்ன ஆகும் என்று 2022 செப்டம்பர் சொல்லிவிட்டது. எழுதுங்கள், சாலையைப் பற்றி எழுதுங்கள். இந்த நாட்டில் 2022-இல் மட்டும் வேகம் காரணமான விபத்துகளில் 12,000 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். சாலையில் சாகும் பத்துப் பேரில் ஏறக்குறைய மூன்று பேர். அவர்களில் பெரும்பாலோர் பெயரை யாரும் எந்த ஜெர்சியிலும் படித்ததில்லை.

ஜேலன் கார்ட்டர் வழக்கு எப்படி முடிந்தது என்று கேட்டால் சொல்கிறேன். அந்த இறப்புகளுக்காக அவர்மீது குற்ற வழக்கு இல்லை. பந்தயம் ஓட்டியதற்கும் ஆபத்தாக ஓட்டியதற்கும் 2023 மார்ச்சில் 12 மாதம் நன்னடத்தைக் கண்காணிப்பு, 1,000 டாலர் அபராதம், 80 மணி நேர சமூக சேவை. அந்த வாரங்களில் இங்கே டிவியைப் போட்டால், தொழில்முறை அணிகள் ஆள் எடுக்கும்போது அவர் எத்தனை இடம் கீழே இறங்குவார் என்ற பேச்சுதான். ஏப்ரலில் ஃபிலடெல்ஃபியா அணி ஒன்பதாவது ஆளாக எடுத்தது. அதோடு அந்தப் பேச்சும் முடிந்தது. வில்லாக்கின் குடும்பம் நியூஜெர்சியில் இருக்கிறது. அவர்களுக்கு எதுவும் முடிந்திருக்காது.

பயிற்சியாளர் கர்பி ஸ்மார்ட் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வீரர்களுக்கு விளம்பரப் பணம் திரட்டிக் கொடுத்துவந்த கூட்டமைப்பு வழியாகவே கணிசமான அபராதம் பிடிப்பதாக 2024 கோடையில் சொன்னார். பலிக்கட்டும் என்றுதான் நினைக்கிறேன். பையில் பணம் நிறைய இருப்பவனுக்குப் பண அபராதம் எவ்வளவு உறைக்கும் என்ற சந்தேகமும் எனக்கு இருக்கிறது. என் மகனைத் திருத்தியது 200 டாலர் இல்லை. ஆறு மாதம் அம்மா ஓட்டும் காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து காலை ஆறரை மணிக்குக் கல்லூரிக்குப் போனதுதான். அந்த ஆறு மாதத்தில் நாங்கள் பேசியதைப்போல அதற்கு முன்னும் பேசியதில்லை, பின்னும் பேசியதில்லை. பார்னெட் ஷோல்ஸ் வழியாகப் போகும்போது மட்டும் இரண்டு பேரும் பேச மாட்டோம்.

இரண்டு வருடம் முன்பு என் வகுப்பில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். வீரர் ஒருவர் பிடிபட்ட செய்தி வந்த மறுநாள். என் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் போட்டிருந்தான். வீரர்கள் பெயர், பக்கத்தில் பிடிபட்ட வேகம், பெரிய எண் மேலே. யார் முதல் இடம் என்று பையன்கள் பந்தயம் கட்டிக்கொண்டிருந்தார்கள். நோட்டைப் பிடுங்கவில்லை. அன்றைய பாடத்தை நிறுத்திவிட்டு அந்தப் பட்டியலையே பலகையில் எழுதினேன். ஒரு கால்பந்துக் களம் 100 கெஜம். இந்த வேகத்தில் போகும் கார் அதைக் கடக்க எத்தனை வினாடி ஆகும், கணக்குப் போடுங்கள் என்றேன். 104 மைலுக்கு இரண்டு வினாடிகூட வரவில்லை. அடுத்து, எதிரில் ஒன்றைப் பார்த்து, புரிந்து, பிரேக்கில் கால் வைக்க ஒரு மனிதனுக்கு ஒன்றரை வினாடி ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதற்குள் கார் எவ்வளவு தூரம் போயிருக்கும் என்றேன். 76 கெஜம். பிரேக் பிடிக்கவே தொடங்கவில்லை, அதற்குள் முக்கால் களம் போய்விட்டது. வகுப்பு அமைதியாகிவிட்டது. பட்டியல் போட்ட பையன் கையைத் தூக்கினான். "மிஸ், அந்த 76-ஆவது கெஜத்தில் யாராவது நின்றால்?" என்று கேட்டான்.

நான் பதில் சொல்லவில்லை. அவன் பட்டியலில் இருந்த எண்களுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் வரைந்து, அந்தந்தச் சாலையில் அனுமதித்த வேகத்தை எழுதினான். அன்று மாலை நோட்டை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனான். இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

ஐயா, உங்களிடம் கேட்பது சிறிய விஷயம். இந்த மாதிரிச் செய்தி மறுபடியும் வரும். வரும்போது வீரர் பெயரையும் அணியையும் போடுவதோடு, அந்தப் பையன் எழுதிய இரண்டு கட்டத்தையும் போடுங்கள்: எவ்வளவு வேகத்தில் போனார், அந்தச் சாலையில் எவ்வளவு போகலாம். முடிந்தால், அது எந்த மாதிரிச் சாலை, எத்தனை மணி என்றும் ஒரு வரி. கேலிச்சித்திரம் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
ஏதென்ஸ், ஜார்ஜியா